யார் எண்ணியது? பெருந்தொற்றுக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளின் கதை

2020ஆம் வருஷத்தை நினைச்சா நம்ம எல்லாருக்கும் மாஸ்க், ஊரடங்கு, சாயங்காலம் டிவியில் வரும் எண்ணிக்கை எல்லாம் ஞாபகம் வரும். இன்னொரு விஷயமும் அந்த வருஷம் நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு. "ஒரு ஆய்வு சொல்லுது" என்று தொடங்கும் வாட்ஸ்அப் மெசேஜ். அதுக்கு முன்னாடி ஆய்வுக் கட்டுரை என்பது பல்கலைக்கழகத்துக்குள் நடக்கிற விஷயம். அந்த வருஷம் குடும்ப குரூப்பில் பெரியப்பா அதை ஃபார்வர்டு பண்ணார்.

அந்த ஆய்வுகள் எங்கிருந்து வந்தன, எதை நம்பினோம், எதை நம்பியிருக்கக் கூடாது என்பதுதான் இன்றைய எபிசோடு. லண்டன், பம்பாய், பாஸ்டன் எல்லாம் போவோம். ஆனா தொடங்குறது கள்ளக்குறிச்சியில்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்தைப் பிரித்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. மூணரை மாசத்துக்குள், 2020 மார்ச் 7 அன்று, தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று உறுதியாகிறது. கலெக்டர் அலுவலகமே புதுசு. அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. பக்கத்தில் இருந்தது விழுப்புரம் முண்டியம்பாக்கம்தான். மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மலைமேல் வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் கிராமங்கள். அங்கே பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்காதீங்க, இது 'மலையை ஆள்பவர்கள்' என்ற பொருளில் வழங்கும் பெயர்.

இந்த மலைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஜாகீர்தார்களின் பிடி இங்கே 1976 வரை நீடித்தது. மலைமக்கள் ஊதியமில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைக்க வேண்டியிருந்தது. வெளியுலகத்தின் பதிவேடுகளுக்குள் இந்த ஊர்களும் பெயர்களும் வந்து சேரவே நாளாயிற்று. பதிவேட்டில் வருவது, எண்ணப்படுவது என்பது இங்கே சின்ன விஷயம் கிடையாது. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவோம்.

இப்போ 355 வருஷம் பின்னாடி போகலாம்.

கொள்ளைநோய் ஆண்டில் பிறந்த இதழ்

1665 மார்ச் 6. லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் 'ஃபிலாசஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' என்ற இதழின் முதல் எண்ணை வெளியிடுகிறார். இவர் ராயல் சொசைட்டியின் செயலாளர். உலகத்தில் இன்றுவரை தொடர்ந்து வரும் மிகப் பழைய அறிவியல் இதழ் இதுதான். அதுவரை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களைத் தொகுத்து, தேதி போட்டு, யார் முதலில் சொன்னார் என்பதையும் பதிவு செய்து, எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி அச்சடிப்பதுதான் ஓல்டன்பர்க்கின் யோசனை.

முதல் இதழ் வந்த சில மாதங்களில் லண்டனைப் பிளேக் தாக்கியது. ராயல் சொசைட்டி கூட்டங்கள் நின்றன. உறுப்பினர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஓல்டன்பர்க் மட்டும் லண்டனிலேயே தங்கினார். அச்சகம் இயங்காததால் இதழ் சில மாதம் வரவில்லை. பிறகு அந்த வருடக் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாகி வெளிவந்தது. அதாவது, அறிவியல் இதழ் என்ற அமைப்பு முதல் வயசிலேயே ஒரு கொள்ளைநோயைப் பார்த்துவிட்டது.

ஒண்ணு கவனிக்கணும். இன்னிக்கு நாம சொல்ற 'பியர் ரிவ்யூ', அதாவது ஒரு கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த வேறு நிபுணர்கள் படித்துச் சோதித்த பிறகே வெளியிடுவது, அப்போது இந்த வடிவத்தில் இல்லை. 'நேச்சர்' மாதிரியான பெரிய இதழே எல்லாக் கட்டுரைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். நாம் என்னவோ ஆதிகாலத்து விதி மாதிரி பேசுகிற விஷயம், நம்ம அப்பா அம்மா தலைமுறையில் வந்த ஏற்பாடு.

1918: தப்பான கிருமி, சரியான பதிவேடு

அடுத்த நிறுத்தம் 1918. முதல் உலகப்போர் முடியும் நேரம். கப்பல்கள் வழியாக பம்பாய்க்கு இன்ஃப்ளூயன்ஸா வருகிறது. அங்கிருந்து ரயில் பாதை வழியாக நாடு முழுக்கப் பரவுகிறது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் இறந்தார்கள். 1986இல் இயன் மில்ஸ் என்ற ஆய்வாளர் 1.7 முதல் 1.8 கோடி என்று கணக்கிட்டார்; பின்னால் வந்த ஆய்வுகள் அதைக் கொஞ்சம் குறைத்தன. பம்பாய், மத்திய மாகாணங்களோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் குறைவு. ஆனாலும் ஊர் ஊராகச் சாவு விழுந்தது.

அந்த நேரத்து அறிவியல் என்ன சொன்னது? 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் இன்ஃப்ளூயன்ஸாவுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று அறிவித்திருந்தார். பெரிய மனுஷர், பெரிய பெயர். 1918இல் உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் அந்த பாக்டீரியாவைத்தான் தேடின. சில நோயாளிகளிடம் இருந்தது, சிலரிடம் இல்லை. அதை வைத்துத் தடுப்பூசியும் தயாரித்தார்கள். உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்று மனித இன்ஃப்ளூயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1933இல். ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அதை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பெருந்தொற்று வந்து 15 வருஷம் கழித்துத்தான் பதில்.

சரி, அப்போ 1918இல் எழுதப்பட்டதில் எதுதான் நிலைத்தது? எண்ணிக்கை. இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த நார்மன் ஒயிட் 1919இல் ஒரு முதற்கட்ட அறிக்கை எழுதினார். அதற்கும், அறுபது எழுபது வருஷம் கழித்து வந்த மில்ஸ் போன்றவர்களின் கணக்குக்கும் அடிப்படை என்ன தெரியுமா? பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும். சென்னை மாகாணத்துக் கிராமங்களில் அந்தப் பதிவேட்டை வைத்திருந்தவர் கிராம முன்சீப், நம்ம ஊர்ப் பேச்சில் மணியக்காரர். விடுபட்ட சாவுகள் ஏராளம், காரணம் என்ற இடத்தில் வெறும் 'காய்ச்சல்' என்று எழுதியிருக்கும். அந்தக் குறையையும் கணக்கில் எடுத்துத்தான் ஆய்வாளர்கள் திருத்திக் கணக்கிட்டார்கள்.

நிபுணர்கள் சொன்ன கிருமி தப்பு. ஊர்க்கணக்கு அரைகுறை. ஆனால் அந்த அரைகுறைக் கணக்கைத் திருத்த முடிந்தது, ஏன்னா அது எங்கே, யாரால், எப்படி எழுதப்பட்டது என்று தெரியும். இந்த வித்தியாசம் 2020இல் மறுபடி வரும், இன்னும் பெரிசா.

கதவுகள் திறந்த ஜனவரி

2020 ஜனவரி இரண்டாம் வாரம். சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழு புதிய வைரஸின் முழு மரபணு வரிசையைக் கண்டுபிடித்திருந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் அதை ஒரு பொது இணையதளத்தில் ஏற்றினார். எந்த ஜர்னலுக்காகவும் காத்திருக்கவில்லை. தடுப்பூசி வேலையும், பரிசோதனைக் கருவி வடிவமைப்பும் உடனே தொடங்கின. வேகமாக வெளியிடுவது உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

ஜனவரி 31 அன்று வெல்கம் அறக்கட்டளை ஒருங்கிணைத்த ஒரு அறிக்கையில் பெரிய பதிப்பகங்களும் ஆய்வு நிறுவனங்களும் கையெழுத்திட்டன. கொரோனா பற்றிய கட்டுரைகளைப் பணம் கேட்காமல் திறந்து வைப்போம், தரவுகளைச் சீக்கிரம் பகிர்வோம் என்பது ஒப்பந்தம். சாதாரணமாக ஒரே ஒரு கட்டுரையைப் படிக்கவே சில ஆயிரம் ரூபாய் கேட்கும் உலகம் அது.

இதோடு சேர்ந்து 'ப்ரீபிரிண்ட்' என்ற சொல்லும் செய்திக்கு வந்தது. பியர் ரிவ்யூ நடப்பதற்கு முன்பே ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை இணையத்தில் போடுவதுதான் ப்ரீபிரிண்ட். உயிரியலுக்கு 'பயோஆர்க்கைவ்' 2013இல் வந்தது, மருத்துவத்துக்கு 'மெட்ஆர்க்கைவ்' 2019 ஜூனில்தான் வந்தது. பெருந்தொற்று வரும்போது அதுக்கு ஒரு வயசுகூட ஆகலை.

அதே ஜனவரி 31 அன்று டெல்லியில் இருந்து ஒரு ப்ரீபிரிண்ட் வந்தது. ஐஐடி டெல்லியையும் டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றையும் சேர்ந்தவர்கள் எழுதியது. புதிய வைரஸின் ஸ்பைக் புரதத்தில் நான்கு சின்னச் செருகல்கள் இருக்கு, அவை எச்ஐவியோடு ஒத்துப்போகுது, இது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்பது அதன் சாரம். நீங்களே யோசிச்சுப் பாருங்க, அந்த நேரத்தில் இப்படி ஒரு வரி எப்படித் தீ மாதிரிப் பரவும்னு. ஆய்வகத்தில் செய்த வைரஸ் என்ற வதந்திக்கு அது எண்ணெய் ஊற்றியது.

மற்ற விஞ்ஞானிகள் சில மணி நேரத்திலேயே பதில் எழுதினார்கள். அந்தச் செருகல்கள் மிகக் குட்டி. அதே மாதிரியான துண்டுகள் வேறு எத்தனையோ உயிரினங்களிலும் கிடைக்கும். இரண்டே நாளில், பிப்ரவரி 2 அன்று, ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தன் தளத்தில் இருப்பவை இன்னும் சோதிக்கப்படாத கட்டுரைகள் என்ற எச்சரிக்கைப் பட்டையை பயோஆர்க்கைவ் மேலே போட்டது. கட்டுரை இரண்டு நாளில் போயிடுச்சு. ஃபார்வர்டு மட்டும் மாசக்கணக்கில் சுத்துச்சு.

இதைப் பார்த்து நிறைய பேர் சொன்னது: "ப்ரீபிரிண்ட் ஆபத்து, பெரிய ஜர்னலில் வந்தால்தான் நம்பணும்." நாலு மாசத்தில் அந்த நம்பிக்கைக்கும் ஒரு சோதனை வந்தது.

ஆறு கண்டம், 671 மருத்துவமனை

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மார்ச் மாதம் நம்ம ஐசிஎம்ஆர், கொரோனா நோயாளிகளைப் பராமரிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் முன்தடுப்பாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்திருந்தது. ஏப்ரலில் அமெரிக்கா இந்தியாவிடம் இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கியது. மருந்துக் கடைகளில் தட்டுப்பாடு. மூட்டு வாதத்துக்காகவும் லூபஸ் நோய்க்காகவும் தினமும் இதைச் சாப்பிட்டவர்கள் அல்லாடினார்கள்.

மே 22 அன்று 'லான்செட்' ஒரு கட்டுரை வெளியிடுகிறது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். முடிவு: இந்த மருந்து பலன் தரவில்லை, மரணத்தை அதிகப்படுத்துகிறது. மே 25 அன்று உலக சுகாதார நிறுவனம் தன் பெரிய மருந்துப் பரிசோதனையில் இந்த மருந்துக்கான பகுதியை நிறுத்தி வைத்தது. ஒரு கட்டுரை, மூணு நாள், உலகம் முழுக்க விளைவு.

தரவு கொடுத்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற ஒரு சின்ன அமெரிக்க நிறுவனம். சந்தேகம் எங்கே ஆரம்பிச்சது தெரியுமா? ரொம்ப எளிமையான ஒரு எண்ணில். கட்டுரையின்படி ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் ஐந்து மருத்துவமனைகளில் மட்டும் 73 பேர் இறந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தேதி வரை ஆஸ்திரேலியா முழுவதிலும் பதிவான கொரோனா மரணமே 67தான். நாட்டில் செத்தவர்களைவிட ஐந்து ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் அதிகம்! பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் லான்செட்டுக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள்: எந்தெந்த மருத்துவமனை, தரவைக் காட்டுங்க. நிறுவனம் தனிச் சோதனைக்குத் தரவைத் தர மறுத்தது. ஜூன் 4 அன்று மற்ற மூன்று ஆசிரியர்களும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே நாளில் அதே நிறுவனத்தின் தரவை வைத்து 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட இன்னொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. நிறுத்தி வைத்த பரிசோதனையை மறுபடி தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஜூன் 3 அன்றே சொல்லிவிட்டது.

இதுல ஒரு வேடிக்கை. ஜூன் 5 அன்று பிரிட்டனின் 'ரெகவரி' பரிசோதனை, ஆயிரக்கணக்கான உண்மையான நோயாளிகளை வைத்து, ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பயன் இல்லை என்று அறிவித்தது. மருந்து பலன் தரவில்லை என்ற பகுதி மட்டும் பார்த்தா, திரும்பப் பெற்ற கட்டுரையும் அதைத்தான் சொன்னது. ஆனா ஒருத்தர் விடைத்தாளில் கணக்குப் போடாமலே விடை எழுதினா அதுக்கு மார்க் போட முடியுமா? அதே 'ரெகவரி' குழு ஜூன் 16 அன்று இன்னொரு முடிவையும் சொன்னது: டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. ரொம்ப மலிவான, பழைய மருந்து. செய்திக்குறிப்பு முதலில், ப்ரீபிரிண்ட் அடுத்த வாரம், ஜர்னல் அதற்குப் பிறகு. வேகம்தான் பிரச்சினை என்றால் இதுவும் தப்பாகியிருக்கணும். ஆகலை. அடியில் உண்மையான நோயாளிகள், உண்மையான பதிவுகள் இருந்தன.

வீடு வீடாக எடுத்த பட்டியல்

இப்போ தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 2020 ஏப்ரல் கடைசி. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று வெடிக்கிறது. மே 5 அன்று மார்க்கெட் மூடப்படுகிறது. ஆனால் அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்கள், காய்கறி லாரியில் வந்து போனவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், கள்ளக்குறிச்சி என்று சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். புதுசா பிறந்த மாவட்டத்துக்கு இதுதான் முதல் பெரிய சோதனை.

இந்த இடத்தில் நாம பார்க்க வேண்டிய ஆள் விஞ்ஞானி இல்லை. கிராம சுகாதார செவிலியர். ஊரில் 'நர்சம்மா' என்று கூப்பிடுவார்களே, அவர்தான். விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், கல்வராயன் மாதிரியான மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. எண்ணிக்கையில் மலைக்குச் சலுகை இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் மலையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் இருக்கும். இவரும் சுகாதார ஆய்வாளரும் அங்கன்வாடி ஊழியரும் சேர்ந்துதான் வீடு வீடாகப் போனார்கள்.

ஒருத்தருக்குத் தொற்று உறுதியானால் அடுத்து கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. வீட்டில் எத்தனை பேர்? யாரோடு சேர்ந்து வேலை? எந்த பஸ்? எந்தச் சாவு வீட்டுக்குப் போனீங்க? பதில் வாங்குவதுதான் கஷ்டம். தன் பெயர் சொன்னால் அவர்கள் வீட்டு வாசலிலும் தகரம் அடிப்பார்கள் என்று தெரிந்தால் யார் சொல்வார்கள்? பயம், ஊர்ப்பேச்சு, கூலி போய்விடும் என்ற கவலை எல்லாம் அந்தத் திண்ணையில் இருந்தது. நர்சம்மாவுக்கு அந்த வீட்டில் பிரசவம் பார்த்த பழக்கம், தடுப்பூசி போட்ட பழக்கம் இருந்ததால்தான் பல பெயர்கள் வெளியே வந்தன.

இப்படி மாநிலம் முழுக்கச் சேர்ந்த பட்டியல்கள் ஒரு ஆய்வாக மாறின. தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு மாநிலங்களின் தரவை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன், ஜோசப் லூனார்ட் உள்ளிட்ட ஒன்பது பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்போது தமிழ்நாட்டின் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அதில் ஒருவர். 2020 ஜூலையில் ப்ரீபிரிண்டாக வந்தது. செப்டம்பர் 30 அன்று 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அன்றைய தேதிக்கு உலகின் மிகப்பெரிய தொடர்பு கண்டறியும் ஆய்வு அது.

எண்களைப் பாருங்க. தொற்று உறுதியான 84,965 பேர். அவர்களோடு தொடர்பில் இருந்து, பரிசோதனை செய்யப்பட்ட 5,75,071 பேர். பாதுகாப்பில்லாமல் நெருங்கிப் பழகியவர்களில் 10.7 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. அருகில் இருந்தும் அவ்வளவு நெருங்காதவர்களில் 4.7 சதவீதம். தொற்று வந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர், தொடர்பு கண்டறியப்பட்ட யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை. ஒரு சின்னப் பங்கினர்தான் பெரும்பாலான புதுத் தொற்றுகளுக்குக் காரணம். 'சூப்பர்ஸ்ப்ரெடிங்' என்பதற்கு இவ்வளவு பெரிய நேரடி ஆதாரம் அதுவரை இல்லை. ஒரே வயதினரிடையே தொற்றும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்தது. குழந்தைகளுக்கும் இது பொருந்தியதால் பள்ளி திறப்பு விவாதத்தில் இது முக்கியமாயிற்று.

இன்னொன்று. பணக்கார நாடுகளின் தரவை வைத்து எதிர்பார்த்ததைவிட இங்கே இளையவர்களிடம் தொற்றும் மரணமும் அதிகப் பங்கு வகித்தன. வூகான், இத்தாலி, நியூயார்க் எண்களை மட்டும் வைத்து உலகமே முடிவெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கிராமமும் குடும்பமும் நெருங்கி வாழும் ஒரு ஊரில் இந்த நோய் எப்படி நடந்துகொள்கிறது என்று இங்கிருந்து ஒரு பதில் போனது.

லான்செட்டுக்கும் சயின்ஸுக்கும் இதழ் என்ற அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் உச்சத்தில் இருப்பவை, இரண்டிலும் பியர் ரிவ்யூ உண்டு. வித்தியாசம் அடியில் இருந்தது. ஒன்றில் "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொன்றில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஒரு வாசலில் போய் நின்றிருக்கிறார்.

எண்ணாமல் விட்டது

அப்போ நம்ம எண்ணிக்கை எல்லாம் சரியா? அப்படியும் சொல்லிட முடியாது. 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு, சென்னையில் கணக்கில் வராமல் போன 444 மரணங்களைக் கொரோனா எண்ணிக்கையில் சேர்த்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவும் அரசின் தினசரி அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று செய்திகள் வந்தன. அதன்பின் ஒரு குழு பதிவேடுகளைச் சரிபார்த்தது. 1918இன் மணியக்காரர் பதிவேடு மாதிரிதான் இதுவும். குறை இருந்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவேடு இருந்ததால் குறையைக் கண்டுபிடிக்க முடிந்தது.

பரிசோதனைக்கே வராதவர்களை எப்படி எண்ணுவது? அதுக்குத்தான் செரோ சர்வே, ரத்தத்தில் எதிர்ப்பான்கள் இருக்கா என்று பார்க்கும் கணக்கெடுப்பு. 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலத்தின் பொது சுகாதாரத் துறை 888 இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடத்துக்கு 30 பேர் என்று 26,640 ரத்த மாதிரிகளை எடுத்தது. முடிவு: மாநிலத்தில் ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்கு ஏற்கனவே தொற்று வந்து போயிருந்தது. பெரம்பலூரில் 51 சதவீதம், நீலகிரியில் 11 சதவீதம். நவம்பர் கடைசியில் அதிகாரபூர்வமாகத் தொற்று உறுதியானவர்கள் சுமார் 7.8 லட்சம் பேர். செரோ சர்வே கணக்குப்படியோ இரண்டு கோடிக்கும் மேல். இதுவும் முதலில் மெட்ஆர்க்கைவ் தளத்தில் ப்ரீபிரிண்டாகத்தான் வந்தது.

இந்த இடத்தில் கல்வராயன் மலையை நினைச்சுக்கோங்க. செல்போன் சிக்னல் இல்லாத ஊர், லேபுக்குப் போக மலையிறங்கி வரணும், ஒரு நாள் கூலி போகும். இப்படிப்பட்ட இடத்தில் 'கேஸ் இல்லை' என்று பலகையில் எழுதியிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. நோய் வரவில்லை, அல்லது யாரும் வந்து பார்க்கவில்லை. தானாக வந்து பரிசோதனை செய்துகொண்டவர்களை மட்டும் எண்ணினால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. குலுக்கல் முறையில் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்துக்கு நாமே ஏறிப்போனால்தான் முடியும். ஜாகீர்தார் காலத்தில் பதிவேட்டுக்கு வெளியே இருந்த மக்களுக்கு, எண்ணப்படுவது என்பது ஒரு உரிமையும்கூட. எண்ணிக்கையில் வராத ஊருக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஒதுக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. பெருந்தொற்று தொடங்கும்போது மருத்துவக் கல்லூரியே இல்லாத மாவட்டத்தில் இப்போது மாணவர்கள் படிக்கிறார்கள், நாளைக்கு அவர்களும் கட்டுரை எழுதுவார்கள்.

திறந்த கதவுகள் என்ன ஆச்சு? கொரோனா கட்டுரைகளுக்குக் கொடுத்த சலுகை மற்ற நோய்களுக்குக் கிடையாது. காசநோய், பாம்புக்கடி, ரத்தசோகை மாதிரி மலைக்கிராமங்களை தினமும் வாட்டும் விஷயங்கள் பற்றிய பல கட்டுரைகள் இன்னும் பூட்டுக்குள்தான். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் கிடைக்கும். நல்ல விஷயம். ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. தரவைச் சேகரித்துக் கொடுத்த நர்சம்மாவுக்கு அந்தத் தரவில் இருந்து என்ன தெரிந்தது என்று யாராவது தமிழில் திரும்பச் சொன்னார்களா? ஒன்பது ஆசிரியர் பெயர்கள் கட்டுரையின் தலையில் இருக்கு. லட்சக்கணக்கான வாசல்களில் நின்றவர்களின் பெயர்களுக்கு அந்த வடிவத்தில் இடமே கிடையாது. ஓல்டன்பர்க் காலத்திலிருந்தே யார் முதலில் சொன்னார் என்பதைத்தான் இதழ்கள் பதிவு செய்கின்றன. யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்பதையும் பதிவு செய்ய ஒரு வழி வேணும்.

அடுத்த முறை, கண்டிப்பா ஒரு அடுத்த முறை வரும், குடும்ப குரூப்பில் "ஒரு ஆய்வு சொல்லுது" என்று மெசேஜ் வந்தால் எந்த ஜர்னல், ப்ரீபிரிண்டா இல்லையா என்பதெல்லாம் பாருங்க, தப்பில்லை. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க. யார் எண்ணியது? எங்கே போய், எத்தனை பேரை, எப்படி? அதற்குப் பதில் கட்டுரையிலேயே இருந்தால் மேலே படிங்க. இல்லைன்னா ஃபார்வர்டு பட்டனில் இருந்து விரலை எடுத்துடுங்க.

உங்க ஊரில் அந்த இரண்டு வருஷம் வீடு வீடாக வந்தது யார் என்று ஞாபகம் இருக்கா? அவங்களைப் பார்த்தால் அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க நோட்டுப் புத்தகத்தில் இருப்பது எந்த ஜர்னலிலும் முழுசா வரலை.